ஐப்பசி மழைக்கு முன் மொட்டை மாடியைச் சோதிப்பது எப்படி?

மாடி ஒழுகினால் புதுச்சேரி, கடலூர் பக்கம் முதலில் பெயின்ட் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். வாளி வாளியாக வாட்டர்புரூஃப் பூச்சு அடித்தும் அடுத்த கார்த்திகையில் அதே இடத்தில் சொட்டும். தளத்தின் நடுப்பகுதியில் ஒழுகல் தொடங்குவது குறைவு. தண்ணீர் வெளியேறும் தூம்புவாயும், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையும்தான் முக்கால்வாசிக் காரணம். அவற்றைச் சரிசெய்யாமல் அடிக்கும் பூச்சு காசுக்குக் கேடு.

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரம் பிடிக்கும். கொத்து வேலை செப்டம்பருக்குள் முடிந்து, காயவும் நாள் வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. 1000 சதுர அடி மாடிக்கு அது ஏறத்தாழ 42,000 லிட்டர். தூம்புவாயில் ஒரு பிளாஸ்டிக் பை அடைத்தால் அத்தனையும் உங்கள் தலைக்கு மேல் நிற்கும்.

1. வீட்டுக்குள்ளிருந்து தொடங்குங்கள்

டார்ச்சைக் கூரையை ஒட்டிச் சாய்த்து அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாத உப்பலும் விரிசலும் நிழலில் தெரியும். மஞ்சள் வளையம் தெரிந்தால், அதன் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு தேதி எழுதுங்கள். மழைக்குப்பின் கறை கோட்டைத் தாண்டினால் ஒழுகல் உயிரோடு இருக்கிறது. மழையே இல்லாத நாளில் வளர்ந்தால், மேலே உள்ள தண்ணீர்க் குழாயைச் சந்தேகியுங்கள்.

சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஓதம் இருந்தால் கைப்பிடிச் சுவர் மூலைதான் காரணமாக இருக்கும். ஃபேன் கொக்கி வழியாகச் சொட்டினால் விரிசல் அதற்கு நேர் மேலே இருக்கவேண்டும் என்பதில்லை. ஒயர் போகும் குழாய்க்குள் ஓடிவந்து பத்தடி தள்ளியும் சொட்டும். மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகே கை வையுங்கள்.

துருநிறக் கோடு நேராக ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. கடற்காற்றின் உப்பு இந்த வேலையைச் சீக்கிரம் செய்யும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால், கான்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளிப் பெயர்க்கிறது. சுத்தியலால் லேசாகத் தட்டினால் ‘பொத் பொத்’ என்று பொக்குச் சத்தம் வரும். அங்கே கம்பி மெலிந்திருந்தால் கொத்தனாரோடு நிறுத்தாமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

2. வாட்டமும் தூம்புவாயும்

மாடியைக் கூட்டிவிட்டு நாலைந்து வாளி தண்ணீரைத் தூம்புவாய்க்கு எதிர்மூலையில் ஊற்றுங்கள். பத்தடிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம் வாட்டம் (சரிவு) இருந்தால் தண்ணீர் தேங்காமல் ஓடும். அரை மணி கழித்தும் நிற்கும் குட்டையைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். சுமார் 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குலக் குழாய் வேண்டும். பல வீடுகளில் முழு மாடிக்கும் ஒன்றுதான்.

கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்கினால் போதாது. வேர் உள்ளே நின்றால் மறுபடி துளிர்க்கும். பூச்சை உளியால் உடைத்து, வேரைத் தோண்டி எடுத்து அடையுங்கள்.

3. தண்ணீர் கட்டிப் பார்ப்பது

தூம்புவாயை அடைத்து ஒரு அங்குல உயரம் மட்டும் தண்ணீர் நிறுத்தி, 24 மணி நேரம் கழித்துக் கீழே பாருங்கள். 1000 சதுர அடிக்கு இதுவே இரண்டே கால் டன்னுக்கு மேல். எனவே உயரத்தைக் கூட்டாதீர்கள். கம்பி தெரியும் தளத்தில் செய்யவே வேண்டாம்.

புதுச்சேரியின் பழைய வீடுகளில் மர உத்திரத்தின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் இருக்கும். அங்கும் தண்ணீர் கட்டக்கூடாது. சுவருக்குள் போகும் உத்திர முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பஞ்சாக இறங்கினால் மரம் மக்கிவிட்டது. விரிசலைச் சுண்ணாம்புக் கலவையால் அடையுங்கள். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி மரத்தைத்தான் தின்னும்.

4. சரிசெய்வது

கான்கிரீட் தளத்தின் விரிசலை 10 மில்லிமீட்டர் அகலம், ஆழத்தில் ‘வி’ வடிவில் வெட்டி, தூசியை ஊதி எடுங்கள். நகராத விரிசலுக்குப் பாலிமர் கலந்த சிமென்ட் கலவை. வெயிலில் திறந்து மூடும் விரிசலுக்கு பாலியூரித்தேன் சீலண்ட். தட்டை ஓடு பதித்த தளமானால் பெயர்ந்த ஓடுகளைத் தட்டிப் பார்த்து எடுத்து, கீழே காயவிட்டு மறுபடி பதித்து, இடுக்கை நிரப்புங்கள்.

கைப்பிடிச் சுவர் மூலையில் 1:4 சிமென்ட் கலவையால் இரண்டு அங்குலச் சாய்வு கொடுங்கள். செங்கோண மூலையில் பூச்சு மெலிந்து முதலில் கிழிவது அங்கேதான். சுவரில் ஓரடி உயரம் வரை பூச்சை ஏற்றுங்கள்.

பூச்சுக்கு முன் ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டித் தளத்தில் ஓரிரவு வையுங்கள். காலையில் அடியில் நீர்த்துளி தெரிந்தால் தளம் இன்னும் ஈரம். அடித்தால் கொப்புளம் எழும். பெரும்பாலான அக்ரிலிக் பூச்சுகளுக்கு முதல் கை தண்ணீர் கலந்து. அளவு டப்பாவில் போட்டிருக்கும். அடுத்த இரண்டு கை கெட்டியாக, ஒன்றுக்கொன்று குறுக்காக. விரிசல் மேலும் மூலையிலும் ஃபைபர் வலையை ஈரப்பூச்சிலேயே பதியுங்கள்.

5. புயல் எச்சரிக்கை வந்தால்

தூம்புவாயை மறுபடி சுத்தம் செய்யுங்கள். மாடியிலுள்ள பிளாஸ்டிக் தொட்டியை நிரப்பி வையுங்கள்; காலித்தொட்டி பறக்கும். 2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் ஷீட் கூரையை நம்பமாட்டார்கள். ரப்பர் வாஷர் வெடித்த ஸ்க்ரூக்களை மாற்றுங்கள். கூரையோர வரிசையில் ஒன்றுகூட விடுபடக்கூடாது. காற்று முதலில் தூக்குவது ஓரத்தைத்தான்.

மழை ஓய்ந்ததும் பென்சில் கோட்டைப் பாருங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறவர்கள் அதற்குமுன் கோட்டையும் தேதியையும் படம் எடுத்து வையுங்கள்.