சனிக்கோள் உருண்டை இல்லை: வாயுக் கோள்களின் வடிவத்தில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி நெருங்கினால் பாரிமுனைக் கடைகளில் தெர்மாகோல் உருண்டைகளுக்குக் கிராக்கி வந்துவிடும். அதில் ஒன்றுக்கு அட்டை வளையம் மாட்டி, சனி என்று எழுதி வைப்பார்கள். வளையம் சரி, கோள்தான் தப்பு. பத்து செ.மீ. அகலமுள்ள சனி ஒன்பது செ.மீ. உயரம்தான் இருக்க வேண்டும். உண்மையான சனியின் விட்டம் நடுக்கோட்டில் சுமார் 1,20,500 கி.மீ.; துருவத்திலிருந்து துருவத்துக்கு 1,08,700 கி.மீ. வித்தியாசம் மட்டுமே கிட்டத்தட்ட ஒரு பூமியின் அகலம். இவ்வளவு பெரிய விஷயத்தைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. உருண்டையின் மேலும் கீழும் கொஞ்சம் சீவிவிட்டாலே போதும்.

காரணம் சொல்லும்போது வரும் தவறு இன்னும் பெரியது. "வேகமாகச் சுற்றுவதால் வாயு வெளியே தூக்கி எறியப்படுகிறது" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எதுவும் எறியப்படுவதில்லை. வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுகிறது. நடுக்கோட்டில் வேகம் நொடிக்கு 12.6 கி.மீ. அப்படியிருந்தும் அங்கே ஈர்ப்பில் ஏறக்குறைய 9 சதவீதத்தைத்தான் சுழற்சி ஈடுகட்டுகிறது. மீதி ஈர்ப்பு வாயுவை இறுக்கிப் பிடித்தே வைத்திருக்கிறது.

அப்படியென்றால் எப்படித் தட்டையாகிறது? 1687-ல் நியூட்டன் பூமிக்குச் சொன்ன விளக்கத்தைவிடத் தெளிவானது எனக்குத் தெரிந்து இல்லை. துருவத்திலிருந்து மையம் வரை ஒரு கால்வாய், நடுக்கோட்டிலிருந்து மையம் வரை இன்னொன்று, இரண்டும் அடியில் இணைந்திருக்கின்றன, நிறைய திரவம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கோட்டுக் கால்வாயில் உள்ள திரவம் கோளோடு சேர்ந்து சுற்றுவதால் அதன் எடை கொஞ்சம் குறைகிறது. மையத்தில் இரண்டு பக்க அழுத்தமும் சமமாக வேண்டும். எடை குறைந்த பக்கம் அதற்கு நீளமாக இருந்தால்தான் முடியும். நடுப்பகுதி பருப்பது இதனால்தான். துருவங்களை மேலிருந்து யாரும் அமுக்கவில்லை.

"வாயு என்பதால்தான் தட்டையாகிறது" என்பதும் சரியில்லை. சூரியனும் வாயுப் பந்துதான். ஆனால் நடுக்கோட்டில் ஒரு சுற்றுக்கு சுமார் 25 நாள் எடுப்பதால், 14 லட்சம் கி.மீ. விட்டத்தில் பத்து கி.மீ. சொச்சம்தான் வித்தியாசம். மறுபக்கம், பாறையால் ஆன நம் பூமி 43 கி.மீ. தட்டையாக இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு: 1802-ல் ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் நேர்க்கோடு) அளந்து தொடங்கிய நில அளவைக்கு, பூமியின் வடிவத்தைத் துல்லியமாகக் கண்டறிவதும் ஒரு நோக்கம்.

சரி, வேகம்தான் எல்லாமா? அதுவும் இல்லை. சனி ஒரு சுற்றுக்கு சுமார் 10 மணி 33 நிமிடம் எடுக்கிறது, வியாழனைவிட மெதுவாக. ஆனாலும் வியாழனின் தட்டை (நடுக்கோட்டு விட்டத்தைவிடத் துருவ விட்டம் எவ்வளவு குறைவு என்பது) 6.5 சதவீதம், சனியுடையது 10 சதவீதத்தை நெருங்குகிறது. சனியின் சராசரி அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, வியாழனுடையதில் பாதிதான். ஈர்ப்பின் பிடி தளர்வாக இருக்கும் இடத்தில் அதே சுழற்சி அதிகமாகச் சாதித்துவிடுகிறது.

மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்துப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மெரினாவில் கடலிலிருந்து எழும் சூரியனும் தட்டையாகத்தான் தெரியும். அது காற்றின் ஒளிவிலகல். சுழற்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வியாழன் நன்றாக மேலே ஏறும்வரை காத்திருங்கள். அப்புறம் அதன் மேலுள்ள பழுப்புப் பட்டைகளைப் பாருங்கள். பட்டைகள் ஓடும் திசையில் கோள் நீண்டும், அதற்குக் குறுக்கே குறுகியும் இருந்தால் அது உண்மையான தட்டை. கிழக்கில் உதித்துவரும் வியாழனின் துருவங்கள் நம் ஊரிலிருந்து பார்க்க ஏறக்குறைய இடவலமாகப் படுத்திருக்கும், பட்டைகள் நின்றவாக்கில் தெரியும். ஆகவே காற்று கோளை மேலிருந்து கீழாகக் குறுக்கும், சுழற்சி பக்கவாட்டில் குறுக்கியிருக்கும். தொலைநோக்கி படத்தைத் திருப்பிக் காட்டினாலும் பட்டைகளை வைத்துப் பார்த்தால் குழப்பம் வராது.

கடைசியாக, இந்தத் தட்டையை வெறும் தோற்றம் என்று ஒதுக்குவது எல்லாவற்றிலும் பெரிய இழப்பு. சனி உள்ளே முழுக்க ஒரே அடர்த்தியோடு இருந்திருந்தால், இந்த வேகத்துக்கு இப்போதிருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தட்டையாக இருந்திருக்கும். அப்படி இல்லை என்பதால், கனமான பொருள் மையத்தை நோக்கிச் செறிந்திருக்கிறது என்று உள்ளே போகாமலே சொல்ல முடிகிறது. 2016-ல் வியாழனைச் சுற்றத் தொடங்கிய ஜூனோ விண்கலம், இந்தப் பருத்த உடல் தன் பாதையை எப்படி இழுக்கிறது என்பதை நுணுக்கமாக அளந்தது. அங்கே தெளிவான எல்லையுள்ள கெட்டியான கரு இல்லை, வாயுவோடு கலந்து பரவிய கருவாக இருக்கலாம் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தது அந்த அளவீடுகளிலிருந்துதான்.