விதியா, முயற்சியா என்று மனம் குழம்பும்போது

“குணமாக வேண்டும் என்பது விதியானால் மருத்துவரிடம் போகாவிட்டாலும் குணமாகும், இல்லையென்றால் யாரிடம் போயும் பயனில்லை” என்ற வாதத்தைப் பண்டைய கிரேக்கர்கள் சோம்பல் வாதம் என்றே அழைத்தனர். கி.மு. 3ஆம் நூற்றாண்டின் ஸ்டோயிக் என்னும் கிரேக்கத் தத்துவ மரபைச் சேர்ந்த சிந்தனையாளர் கிறிசிப்பஸ், விதியை முழுமையாக நம்பியவராக இருந்தும், இதனை ஏற்கவில்லை. குணமடைவது விதிக்கப்பட்டிருந்தால் மருத்துவரை நாடுவதும் அதனுடன் சேர்த்தே விதிக்கப்பட்டிருக்கும் என்பது அவருடைய மறுமொழி. ஆகவே, இத்தகைய கேள்வி மனத்தை அலைக்கழிக்கும்போது, விதி உண்டா இல்லையா என்று முடிவுகட்ட முயல்வதற்கு முன், இரண்டு விடைகளில் எது மெய்யானாலும் இன்று செய்ய வேண்டிய காரியம் மாறுமா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மாறாது எனில், முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு, தத்துவ விசாரணையை (அது வீண்வேலை என்று நான் கருதவில்லை) மாலைக்கு ஒத்திவைக்கலாம்.