ஸ்லக் டெஸ்ட்: மண்ணைக் குறை சொல்லும் முன் கிணற்றைப் பாருங்கள்

நிலத்தடி நீரைக் கவனிக்கப் போட்ட குழாய்க் கிணற்றுக்குள் (கண்காணிப்புக் கிணறு) ஒரு தடியை இறக்கி, அல்லது உள்ளிருப்பதை உருவி, நீர்மட்டம் பழைய இடத்துக்குத் திரும்பும் வேகத்தைப் பதிவு செய்வதுதான் ஸ்லக் டெஸ்ட். மண் வழியாகத் தண்ணீர் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதை அதிலிருந்து கணக்கிடுகிறோம். செலவு குறைவு, ஆள் அதிகம் வேண்டாம். தப்பான எண்ணும் அதே சுலபத்தில் வந்துவிடும், பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாக.

முதல் குற்றவாளி, சரியாகக் கழுவாத கிணறு. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கத்துக் கரிசலில் துளை போடும்போது களிமண் சுவரில் மெழுகினாற்போல அப்பிக்கொள்ளும். அதன்மேல் டெஸ்ட் செய்தால் அளப்பது அந்த மெழுகைத்தான். கம்ப்ரசர் விட்டோ, குழாய்க்குள் பிஸ்டன் போன்ற ஓர் அடைப்பை மேலும் கீழும் இழுத்தோ கலங்கல் தெளியும்வரை கழுவ வேண்டும். அப்புறமும் நம்பிவிடாதீர்கள். ஒரே கிணற்றில் மூன்று முறையாவது செய்யுங்கள், அதில் ஒருமுறை வேறு பருமனுள்ள தடியோடு. எண்கள் ஒத்துப்போகாவிட்டால் இன்னும் கழுவ வேண்டும் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

தடியை இறக்கியதும் மட்டம் எவ்வளவு ஏற வேண்டும் என்று முன்னமே கணக்குப் போடுங்கள். 10 செ.மீ. உள்விட்டக் குழாயில் 6 செ.மீ. விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள தடி முழுதாக மூழ்கினால் 36 செ.மீ. ஏற வேண்டும். கருவி 20 காட்டினால், தடியை மெதுவாக இறக்கியிருப்பீர்கள், அல்லது சரளை மண்ணில் அளக்கும் முன்பே தண்ணீர் வெளியே ஓடியிருக்கும்.

அதிகம் பேர் சறுக்குவது கோடையில். தண்ணீர் உள்ளே வருவதற்காகக் குழாயில் ஓட்டை போட்ட பகுதிக்குள்ளேயே நீர்மட்டம் இறங்கி நிற்கும். அப்போது தடியை இறக்கிச் செய்யும் சோதனை வேண்டாம். மேலே தள்ளப்பட்ட தண்ணீர் காய்ந்த மண்ணுக்குள் போய்விடும். உருவிச் செய்யுங்கள். அதிலும் குழாயைச் சுற்றிப் போட்ட ஜல்லியிலிருந்து முதலில் தண்ணீர் வடியும். மட்டம் மீள்வதை நேரத்துக்கு எதிரே லாக் அளவில் வரைந்தால் இரண்டு நேர்கோடுகள் தெரியும். செங்குத்தான முதல் கோடு ஜல்லியினுடையது, மண்ணுடையது இரண்டாவது. ஸ்லக் டெஸ்ட்டைக் கணக்கிட பௌவர், ரைஸ் இருவரும் 1976இல் தந்த முறையில் குழாயின் ஆரத்தோடு ஜல்லிக்கற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியையும் சேர்க்க வேண்டும். 5 செ.மீ. ஆரக் குழாய், 10 செ.மீ. ஆரத் துளை, 30 சதவீத இடைவெளி என்றால் ஆரத்தின் வர்க்கம் 25 அல்ல, 47.5. விட்டுவிட்டால் விடை ஏறக்குறைய பாதியாகிவிடும்.

பக்கத்துத் தென்னந்தோப்பில் மோட்டார் ஓடினால் மட்டமே நகர்ந்துகொண்டிருக்கும். "அண்ணே, கொஞ்ச நேரம் நிறுத்துங்க" என்று கேட்டுவிட்டு, மட்டம் அசையாமல் நின்றபின் தொடங்குங்கள். களிமண்ணில் மீள மணிக்கணக்கில் ஆகும் என்பதால் மோட்டார் நேரத்தையும் கேட்டு வையுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் கிடைப்பது கிணற்றை ஒட்டிய சிறு வட்டத்தின் கதைதான். அடியில் கெட்டிப்பாறை உள்ள இந்தப் பக்கத்தில், ஒரு வெடிப்பு அந்த வட்டத்துக்குள் வந்தால் ஓர் எண், வராவிட்டால் வேறு எண். போர் எத்தனை லிட்டர் தரும் என்று தோப்புக்காரர் கேட்டால் இதைச் சொல்லாதீர்கள். அதற்கு, தொடர்ந்து தண்ணீர் இறைத்து மட்டம் எப்படி இறங்குகிறது என்று பார்க்கும் பம்பிங் டெஸ்ட்தான்.