பழைய ஆயிலை உறிஞ்சி எடுக்கும் முன் இன்ஜினைச் சூடாக்கலாமா?

சூடாக்கலாம், சூடாக்கவும் வேண்டும். ஆனால் நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வந்த கையோடு வேலையை ஆரம்பிக்க வேண்டாம். ஆயில் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் லாபம் குறைவு, கை வெந்துபோகும் அபாயம்தான் அதிகம்.

இங்கே சொல்வது காருக்கு அடியில் படுத்து, ஆயிலை வடிப்பதற்கான ட்ரெயின் போல்ட்டைக் கழற்றும் முறை அல்ல. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் இருக்கும் துளை வழியாக மெல்லிய குழாயை விட்டு, கைப் பம்ப்பால் ஆயிலை மேலே இழுக்கும் முறை. ஜாக்கி வேண்டாம், அடியில் நுழைய வேண்டாம், அபார்ட்மெண்ட் பார்க்கிங்கிலேயே செய்துவிடலாம். படகு இன்ஜின்களில் அடிப்பக்கம் கை போகாது என்பதால் அங்கே இதுதான் வழக்கம். 1998இல் வந்த, ஸ்மார்ட் என்ற பிராண்டின் முதல் தலைமுறை பெட்ரோல் காரில் ட்ரெயின் போல்ட்டே கிடையாது, உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். பைக், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் இந்தப் பம்ப்புக்குச் செலவு செய்யாதீர்கள். அவற்றின் ட்ரெயின் போல்ட் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கிறது.

சூடு ஏன் இவ்வளவு முக்கியம்?

ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினால் அகலமான ஓட்டை வழியாக ஆயில் தானாகக் கொட்டிவிடும். கொஞ்சம் ஆறியிருந்தாலும் கூடுதலாகச் சில நிமிடம் காத்திருந்தால் சரி. பம்ப்பில் கதை வேறு. எவ்வளவு வேகமாக அடித்தாலும் அது தரும் இழுவை ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டாது. குழாயோ மெல்லியது. குழாயின் உள்விட்டம் பாதியானால், அதே இழுவைக்கு அதில் ஓடும் ஆயில் பதினாறில் ஒரு பங்காகிவிடும். இழுவையையும் கூட்ட முடியாது, குழாயையும் பெரிதாக்க முடியாது. நம் கையில் மிஞ்சுவது ஆயிலின் கெட்டித்தன்மை மட்டும்தான்.

5W-30 என்ற கிரேடு ஆயிலை எடுத்துக்கொள்வோம். 40 டிகிரியில் அதன் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, தோராயமாக 60 சென்டிஸ்டோக்ஸ் (அதை அளக்கும் அலகு). 60 டிகிரிக்குப் போனால் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். 100 டிகிரியில் 10, 11 என்று நிற்கும். ஆக, முதல் 20 டிகிரிச் சூட்டிலேயே பம்ப் அடிக்கும் நேரம் பாதியாகிறது. அடுத்த 40 டிகிரியில் இன்னும் வேகம் கிடைக்கும்தான், ஆனால் பக்கத்திலிருக்கும் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு (இன்ஜின் புகை வெளியேறும் குழாய்) கையைச் சுட்டுவிடும், பம்ப்பின் பிளாஸ்டிக் குழாயும் இளகி, உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளலாம். பம்ப்போடு வரும் தாளில் அதிகபட்ச வெப்பநிலை போட்டிருப்பார்கள். அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சூடாக்குவதில் இன்னொரு பலனும் உண்டு. இன்ஜின் ஓடும்போது கரி, தூசி எல்லாம் ஆயிலில் கலந்து சுற்றும். அந்த நிலையில் எடுத்தால் அழுக்கும் ஆயிலோடு வெளியேறும்.

இதற்கு எதிர்வாதமும் இருக்கிறது: ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மேலே இருக்கும் ஆயில் எல்லாம் வடிந்து சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) சேர்ந்திருக்கும், எனவே ஆறிய இன்ஜினில் எடுப்பதே மேல் என்பார்கள். வடியும் என்பது உண்மைதான். ஆனால் மிதமாகச் சூடாக்கிவிட்டு, பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் பெரும்பகுதி அப்போதே இறங்கிவிடும். அதனால் என் ஓட்டு சூடாக்குவதற்கே.

இனி வேலை

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை, புது ஃபில்டர், கார் மேனுவலில் சொன்ன தரத்து ஆயில், பழைய துணி, பம்ப். இவை தயாரான பிறகு வண்டியை ஐந்து முதல் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து சமதளத்தில் நிறுத்துங்கள். நின்ற இடத்திலேயே ஐடிலில் விட்டாலும் சூடேறும், ஆனால் மெதுவாக. மூடிய ஷெட்டுக்குள் மட்டும் அப்படி விடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும்.

டாஷ்போர்டில் காட்டும் வெப்பநிலை கூலன்ட்டுடையது, ஆயிலுடையது அல்ல. முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் பின்தங்கியே இருக்கும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் ஆயில் ஃபில்டரின் கறுப்பு வெளிப்புறத்தில் காட்டிப் பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் காட்டினால் குறைத்துக் காட்டும். சென்னை மே மாத வெயிலில் நிற்கும் வண்டியின் ஆயில் ஏற்கெனவே 40 டிகிரியை நெருங்கியிருக்கும், அங்கே ஐந்து நிமிட ஓட்டமே போதும். டொராண்டோவில் ஜனவரியில் செய்கிறவருக்கு அது பத்தாது, நன்றாகவே ஓட்டிவிட்டு வர வேண்டும்.

இன்ஜினை அணைத்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். ஃபில்டர் மேலே இருக்கும் கார்ட்ரிட்ஜ் வகை (மூடியைத் திறந்து உள்ளிருக்கும் ஃபில்டரை மட்டும் மாற்றுவது) என்றால், உறிஞ்சும் முன்பே அதன் மூடியைத் தளர்த்திவிடுங்கள். அதிலிருக்கும் ஆயில் சம்ப்புக்கு இறங்கிவிடும், நீங்களும் அதைச் சேர்த்தே எடுத்துவிடலாம். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவிவிட்டுக் குழாயை மெதுவாக இறக்குங்கள். அடியில் தட்டும். இன்னும் திணித்தால் குழாய் சுருண்டு மேல்நோக்கித் திரும்பிவிடும். தட்டியதும் அரை சென்டிமீட்டர் மேலே இழுத்து நிறுத்துங்கள். அப்புறம் பம்ப் அடியுங்கள். ஸ்ட்ராவில் கடைசிச் சொட்டு ஜூஸ் உறிஞ்சுவது போன்ற சத்தம் வந்தால் காற்று ஏறுகிறது என்று அர்த்தம். குழாயைக் கொஞ்சம் திருப்பி, ஏற்றி இறக்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் மறுபடி பத்து நிமிடம் விட்டு இன்னொரு சுற்று. இரண்டாம் சுற்றிலும் கொஞ்சம் வரும்.

இப்போது அளவு பாருங்கள். முழு வேலையிலும் மிக முக்கியமான இடம் இதுதான். பம்ப் டப்பாவில் வந்தது எவ்வளவு, மேனுவலில் சொன்னது எவ்வளவு? அரை லிட்டருக்கு மேல் குறைந்தால், ஒன்று குழாய் அடியைத் தொடவில்லை, அல்லது ஆயில் முன்பே குறைந்திருந்தது. ஆரம்பத்திலேயே டிப்ஸ்டிக்கில் அளவு பார்த்து வைத்திருந்தால் எது என்று தெரிந்துவிடும். பழையது உள்ளே தங்கியிருக்கும்போது மேனுவல் சொன்ன முழு அளவையும் ஊற்றினால் அளவு மிஞ்சும். இன்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும், நுரை ஆயில் உராய்வைத் தடுக்காது.

ஃபில்டரை மாற்றுங்கள், பழைய ரப்பர் வளையம் இன்ஜின் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, மாட்டுங்கள். முக்கால் பங்கு ஆயிலை ஊற்றி, டிப்ஸ்டிக் பார்த்துப் பார்த்து மீதியைச் சேருங்கள். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் விட்டு, ஃபில்டர் ஓரத்தில் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, அணைத்து, சில நிமிடம் கழித்து மறுபடி அளவு பாருங்கள். டீசல் வண்டியில் புது ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

இந்த முறை ஒத்துவராத இடங்கள்

சில பிஎம்டபிள்யூ மாடல்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. சில கார்களில் டிப்ஸ்டிக் குழாய் சம்ப்பின் ஆழமான பகுதிக்குப் போகாது. அங்கெல்லாம் அடியில் கழற்றுவதே சரி. நீண்ட நாள் ஆயில் மாற்றாமல் கிடந்த வண்டியில் கூழ்போல் படிந்த கசடும், உலோகத் தூளும் எவ்வளவு சூடாக்கினாலும் மெல்லிய குழாயில் ஏறாது. அப்படிப்பட்ட வண்டிக்கு முதல் தடவை ட்ரெயின் போல்ட், அடுத்த தடவை வேண்டுமானால் பம்ப்.

எடுத்த ஆயிலை மூடியுள்ள கேனில் ஊற்றி, பழைய ஆயில் வாங்கும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். கான்கிரீட் வார்க்கும் சென்டரிங் பலகைக்குப் பூச வேஸ்ட் ஆயில் கேட்டு யாராவது வருவார்கள். கொடுக்காதீர்கள். அதில் புற்றுநோய் வரவழைக்கும் சேர்மங்கள் இருக்கின்றன, பூசுகிறவர் பெரும்பாலும் வெறுங்கையால்தான் பூசுவார். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளிலும் பயன்படுத்திய ஆயில் அடங்கும், சாக்கடையில் ஊற்றுவது சட்டப்படியும் தப்பு.