பெரிய நாயும் சின்ன நாயும் ஒரே வீட்டில்: “பழகிவிட்டன” என்று நம்பிச் செய்யும் தவறுகள்

மதுரை புதூரில் உள்ள எங்கள் வீட்டில் ஒரு ராஜபாளையம் கடுவனும் ஒரு பொமரேனியன் பெட்டையும் 7 ஆண்டுகளாக ஒன்றாக வளர்கின்றன. கடுவன் 30 கிலோ எடை. பெட்டை 4 கிலோ. “இது அதைக் கடித்துவிடாதா?” என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் “அதெல்லாம் பழகிவிட்டன” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டுச் சித்திரைத் திருவிழாவோடு அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

அழகர் மலையிலிருந்து இறங்கி வரும் எதிர்சேவை நாள் அது. மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம் வரை சாலை கொள்ளாத கூட்டம். கொட்டும் வேட்டும் ஓயவே இல்லை. எங்கள் நாய்கள் இரண்டும் வாசல் கிரில் கதவருகே நின்று குரைத்துக்கொண்டிருந்தன. சின்னது வழக்கம்போலப் பெரியதின் முன்னங்கால்களுக்கு நடுவில் புகுந்து நின்றிருந்தது. மிக அருகில் ஒரு வேட்டு வெடித்த நொடியில் பெரியது சட்டென்று தலையைத் திருப்பி, சின்னதின் முதுகைக் கவ்வி, ஒரே ஒரு முறை உதறிவிட்டுக் கீழே விட்டது. விட்ட கையோடு அதுவே குனிந்து முகர்ந்தும் பார்த்தது. சின்னது பிழைத்துக்கொண்டது, ஆனால் ஒரு விலா எலும்பு முறிந்திருந்தது.

அந்த ஒரு உதறலில் பகையோ பொறாமையோ இல்லை. கதவுக்கு வெளியே இருப்பதை எட்ட முடியாத பரபரப்பில் நாய் பக்கத்தில் இருப்பதைக் கவ்வும். தன்னை இழுத்துப் பிடிக்கும் எசமானின் கையைக் கூடக் கவ்வும். சம அளவுள்ள இரண்டு நாய்களுக்குள் இப்படி நடந்தால் ஓர் உறுமலும் காதில் ஒரு கீறலுமாக முடிந்துபோகும். எடை 7 மடங்கு வேறுபடும்போது அதே அசைவு எலும்பை முறிக்கிறது. ஆகவே பெரிய நாய் சாதுவா என்று கேட்பதை விட, அது தன்னை மறக்கும் ஒரு நொடியில் சின்ன நாய் எங்கே இருக்கும் என்று கேட்பதே பயனுள்ளது. நான் பார்த்த பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வந்தவை.

முதல் தவறு, இனத்தின் பெயரை வைத்து நிம்மதி அடைவது. ராட்வீலர் என்றால் அஞ்சுகிறவர்கள் லேப்ரடார் என்றதும் கவலையை விட்டுவிடுகிறார்கள். லேப்ரடார் கடிக்காமலே போகலாம். ஆனால் 30 கிலோ எடையுள்ள நாய் விளையாட்டாக முன்னங்காலைத் தூக்கி வைத்தாலே 2 கிலோ சிவாவாவின் கால் எலும்பு முறியக்கூடும். பொம்மை நாய்கள் எனப்படும் சிற்றினங்களின் முன்னங்கால் எலும்பு மிக மெல்லியது. சோபாவிலிருந்து குதித்தே முறித்துக்கொள்ளும் நாய்கள் உண்டு. பக், ஷிட்சு போன்ற தட்டை முக நாய்களுக்குக் கண்குழி ஆழமில்லாததால், கழுத்தைப் பிடித்து இழுக்கும் விளையாட்டிலேயே கண்விழி வெளியே பிதுங்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

நம் பக்கத்து நாட்டு நாய்களை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ராஜபாளையத்தின் படத்தை 2005-ல் அஞ்சல் துறை தபால்தலையில் போட்டது. அந்தப் பெருமையோடு குட்டி வாங்கி நகரத்துக்குள் வளர்க்கிறவர்கள், அது காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பெயர்பெற்ற இனம் என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கானவை. கண்ணில் பட்டு ஓடுவதை விரட்டுவது அவற்றின் இரத்தத்தில் இருக்கிறது. பார்த்தல், பதுங்குதல், விரட்டல், கவ்வல், உதறல் என்று வேட்டைக்கு ஒரு வரிசை உண்டு. நாய்களின் விளையாட்டும் அந்த வரிசையின் துண்டுகளால் ஆனதுதான். விளையாட்டின் நடுவே சின்ன நாய் வலியில் கீச்சென்று கத்திக்கொண்டு முற்றத்தைக் கடந்து ஓடினால், அதுவரை விளையாடிக்கொண்டிருந்த பெரிய நாய்க்கு அந்த ஓட்டமும் குரலும் முயலுடையதாகிவிடலாம். வீட்டில் இரண்டு பெரிய நாய்கள் இருந்தால் ஆபத்து இரட்டிப்பாகும் என்பதை விட வேறாகிவிடும் என்பதே பொருந்தும்: ஒன்று விரட்டத் தொடங்கினால் மற்றதும் யோசிக்காமல் சேர்ந்துகொள்ளும். இதனால் நாட்டு நாயோடு சின்ன நாயை வளர்க்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். திறந்த வெளியில் இரண்டையும் அவிழ்த்துவிட்டு ஓடவிடக் கூடாது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

“குட்டியிலிருந்தே சேர்த்து வளர்த்தால் ஒன்றும் ஆகாது” என்பது அடுத்த நம்பிக்கை. 2 மாதத்தில் வரும் ராட்வீலர் குட்டியும் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொமரேனியனும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிவதால் இந்த எண்ணம் வருகிறது. சில வாரங்களிலேயே அந்தக் கணக்கு மாறிவிடும். உடல் பெருகும் அளவுக்குத் தன் பலத்தை அடக்கத் தெரியாத 5, 6 மாதப் பருவத்தில்தான் விளையாட்டுக் காயங்கள் நேரும். அதைக் கடந்த பிறகு வருவது பலர் எதிர்பார்க்காதது. காவல் இனங்கள் மனத்தளவில் முதிர ஒன்றரை ஆண்டிலிருந்து மூன்று ஆண்டு வரை ஆகும். குட்டியாக இருந்தபோது தட்டை விட்டுக்கொடுத்த நாய் அந்த வயதில் விட்டுக்கொடுக்க மறுக்கலாம். நேற்றுவரை நடந்ததை வைத்து நாளையை அளப்பது இங்கே சரிவராது.

தீனி நேரத்தைத்தான் நான் மிகவும் கவனிக்கச் சொல்வேன். நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் கறிச்சோறு, நாய்க்கு எலும்பு. வார நாட்களில் ஒரே தட்டில் பால்சோறு தின்னும் இரண்டும் அன்று மட்டும் வேறு நாய்களாக நடந்துகொள்ளும். சின்னது தன் பங்கை வாயில் வைத்துக்கொண்டே பெரியதின் தட்டை நோக்கி நகரும். பெரியது தின்பதை நிறுத்திவிட்டு அசையாமல் நிற்கும். தலை தாழ்ந்திருக்கும், கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும், வாய் இறுக மூடியிருக்கும். எல்லாம் அமைதியாக இருப்பதாக நமக்குத் தோன்றும் அந்த இரண்டு மூன்று நொடிதான் கடைசி எச்சரிக்கை. அதன் பிறகு உறுமல் வந்தால் நல்வாய்ப்பு. எனவே இரண்டுக்கும் தனித்தனி அறையில், கதவைச் சாத்தித் தீனி வைக்க வேண்டும். தின்று முடித்ததும் தட்டையும் மிச்சத்தையும் எடுத்துவிட்டு, சிறிது நேரம் கழித்தே கதவைத் திறக்க வேண்டும். இதில் பெரிய நாய்க்கும் ஒரு நன்மை உண்டு. போட்டியில் அள்ளி விழுங்கும் ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் வரக்கூடும்; சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோய்விடும் நோய் அது.

உறுமியதற்காக அடிப்பது இதோடு ஒட்டி வரும் தவறு. உறுமல் என்பது நாய் நமக்கும் மற்ற நாய்க்கும் கொடுக்கும் முன்னறிவிப்பு. அதை அடித்து அடக்கினால் நாய் உறுமுவதை விட்டுவிடும். உறுமலுக்குக் காரணமான மனநிலையை விடாது. அடுத்த முறை முன்னறிவிப்பே இல்லாமல் கடி விழும். அதே வேளையில் சின்ன நாய் உறுமினால் நாம் சிரிக்கிறோம், கைப்பேசியில் படம் பிடிக்கிறோம். பெரியதின் காதைக் கடித்துத் தொங்குவதும், தூங்கும்போது மேலே ஏறிக் குதிப்பதும் வேடிக்கையாகிவிடுகிறது. பெரிய நாய் பொறுத்துக்கொள்கிறது என்பதற்காக அதன் பொறுமைக்கு எல்லை இல்லை என்று ஆகாது. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவற்றுக்கு வயதானால் இடுப்பு மூட்டு வலி வருவது மிகச் சாதாரணம். 6 வயது வரை பொறுத்த குதியலை 9 வயதில் வலியோடு பொறுக்க முடியாமல் போகும். அப்போது குற்றவாளியாக நிற்பது பெரியதுதான். ஆனால் சின்னதைத் தடுக்க வேண்டியவர்கள் நாமாக இருந்தோம்.

பயந்துபோய்ச் சின்ன நாயைச் சட்டென்று கையில் தூக்குவதும் நிலைமையைக் கெடுக்கும். மேலே போகும் பொருளை எட்டிப் பிடிக்கப் பெரிய நாய் தாவும். நம் மார்பளவில் ஒரு கவ்வல் நிகழும். இடையில் ஒரு பலகையையோ நாற்காலியையோ தள்ளிவிட்டு, பெரியதை அப்புறப்படுத்துவது நல்லது. புதிதாக ஒரு நாயைக் கொண்டுவரும்போதும் இதே அவசரம் தலைகாட்டுகிறது: வந்த அன்றே நடுக்கூடத்தில் இறக்கிவிட்டு “ஃபிரண்டு ஆகிக்கோங்க” என்பார்கள். முதலில் சில நாட்கள் ஒன்றின் விரிப்பை மற்றதற்கு முகரக் கொடுத்து, பிறகு வீட்டுக்கு வெளியே பொதுவான இடத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு நாயாகப் பிடித்து, பக்கவாட்டில் சற்றுத் தள்ளித் தள்ளி நடக்கவிட்டு, நாள்போக்கில் இடைவெளியைக் குறைக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு சங்கிலியையும் பிடித்துக்கொண்டு தெருவில் போவதை முதல் நாளும் செய்யக் கூடாது, பின்னரும் செய்யக் கூடாது. தெரு நாய்கள் சூழ்ந்துகொண்டால் இரண்டில் ஒன்றைத்தான் காக்க முடியும்.

சேர்ந்து விளையாடவிடும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட வேண்டும். ஒன்றின் கீழ்த்தாடை மற்றதின் பட்டைக்குள் மாட்டிக்கொண்டு, இரண்டும் பயத்தில் சுழன்று ஒன்று மூச்சுத்திணறிப்போவது நிகழக்கூடிய விபத்து. பூச்சி மாத்திரை, உண்ணி மருந்து விஷயத்தில் சுருக்கமாக ஒன்று: இவை எடைக்கு ஏற்ற அளவில் வருபவை. பெரிய நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்துக் குப்பியில் “கொஞ்சம் போல” சின்னதற்கும் ஊற்றுவது சிக்கனம் அன்று, விஷம் வைப்பதற்கு அடுத்த நிலை.

பெட்டை பருவத்துக்கு வரும் காலத்தைப் பலர் மறந்தே போகிறார்கள். பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஏறக்குறைய மூன்று வாரம் நீடிக்கும் காலம் அது. சின்னப் பெட்டை பெரிய கடுவனால் சினைப்பட்டால் குட்டி வெளிவர முடியாமல் சிக்கி, அறுவைச் சிகிச்சை வரை போக நேரிடும். அளவு பொருந்தாததால் சேராது என்று இருந்துவிடுகிறவர்கள்தான் கடைசியில் மருத்துவரிடம் ஓடுகிறார்கள். இரண்டில் ஒன்றுக்காவது கருத்தடை செய்துவிட்டால் இந்தக் கவலை இல்லை.

சண்டையே வந்துவிட்டால் வாய்க்கருகில் கையைக் கொண்டுபோகக் கூடாது. வாளித் தண்ணீரை முகத்தில் வீசலாம். எவர்சில்வர் தட்டைத் தரையில் அடிக்கலாம். கவ்வியிருக்கும்போது சின்ன நாயைப் பிடித்து இழுத்தால் தோலும் சதையும் கிழியும். வாயை விட வைத்த பிறகே எடுக்க வேண்டும். விலக்கும்போது நமக்குக் கடி பட்டால், வளர்ப்பு நாய்தான், ஊசி போட்ட நாய்தான் என்று அலட்சியமாக இருக்காமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எங்கள் நாய்க்கு நேர்ந்தபோது நான் ஏமாறவிருந்த இடம் காயத்தின் தோற்றம். முடியை விலக்கிப் பார்த்தபோது மிளகு அளவில் இரண்டு புள்ளிகள்தான் தெரிந்தன. இரத்தமும் அதிகம் இல்லை. மஞ்சள் வைத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்றுதான் வீட்டில் பேசினோம். மூச்சு வேகமாக இருக்கிறதே என்ற ஒரே உறுத்தலில் கொண்டுபோனோம். மருத்துவர் முடியை மழித்ததும் நான்கு துளைகள் இருந்தன. ஒரு துளையில் கருவியை விட்டுக் காட்டினார். அது தோலுக்கு அடியில் விரல் நீளத்துக்குத் தடையில்லாமல் போயிற்று. உதறும்போது தோல் சதையிலிருந்து பிரிந்துவிடுகிறது, அந்த வெற்றிடத்தில் சீழ் பிடிக்கும், விலா முறிந்திருந்தால் நுரையீரலையும் பார்க்க வேண்டும் என்று விளக்கிவிட்டுப் படம் எடுக்கச் சொன்னார். பெரிய நாய் கவ்விய சின்ன நாயை, காயம் எவ்வளவு சிறியதாகத் தெரிந்தாலும், அன்றே காட்டிவிட வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே கூடத்தில் இருப்பது யாராவது ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான். ஆள் எழுந்து அடுப்படிக்குப் போனாலும் இடைக்கதவு சாத்தப்படும். கிரில் கம்பியின் இடைவெளியில் சின்னது நுழைந்துவிடும் என்பதால் கீழ்ப்பாதிக்கு வலை அடித்திருக்கிறோம். வாசல் கதவு பெரியதின் இடம். பால்காரர் மணியடித்தாலும் சிலிண்டர் வந்தாலும் சின்னது உள்ளேதான். தீபாவளிக்கும் எதிர்சேவைக்கும் சின்னதை மாடி அறைக்குக் கொண்டுபோய் மின்விசிறியைச் சத்தமாக ஓடவிடுகிறோம். மூடக்கூடிய ஓர் இடைக்கதவு கூட இல்லாத ஒற்றை அறை வீட்டில் இருப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், இரண்டில் ஒன்று போதும் என்றுதான் சொல்கிறேன். ஒரு முறை உதறிக் கவ்விய நாயை மீண்டும் அதே சின்ன நாயோடு கதவில்லாமல் விடத் துணிகிறவர்களிடம், சின்னதை அக்கா வீட்டிலோ தங்கை வீட்டிலோ விடச் சொல்கிறேன். எங்கள் பெட்டை இன்றும் கதவின் இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, அடியில் உள்ள இடுக்கு வழியாகப் பெரியதின் மூக்கை முகர்ந்துகொண்டிருக்கிறது.