ரெண்டு வருஷம் மலைவேம்புச் சாறு குடிச்சவ சொல்றேன்: குழந்தைக்குக் காத்திருக்கறப்ப இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

கல்யாணம் ஆகி அஞ்சாவது மாசம் மாரியம்மன் நோம்பிக்கு அம்மா ஊட்டுக்குப் போயிருந்தேன், அப்பவே ஒறம்பறைல ஒரு பெரியம்மா என் வயித்தையே பாத்துட்டு "ஏன் அம்மணி, இன்னும் விசேஷம் ஒண்ணுமில்லையா"ன்னு கேட்டாங்க. அது அத்தை காதுக்கும் போயிருச்சு போல. அடுத்த மாசமே தோட்டத்து மூலைல நிக்கிற மலைவேம்புல எலை பறிச்சு, அம்மில அரைச்சு, துணில போட்டுப் பிழிஞ்சு டம்ளர்ல கொண்டாந்து வெச்சுட்டாங்க. பீரியட்ஸ் ஆன மொத மூணு நாளும் வெறும் வயித்துல குடிக்கோணும். கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு, தொண்டையத் தாண்டறதுக்குள்ள கண்ணுல தண்ணி வந்துரும். ரெண்டு வருஷம், மாசம் மூணு டம்ளர். அந்த ரெண்டு வருஷத்துல எங்கூட்டுக்காரருக்கு ஒரே ஒரு டெஸ்ட் கூட எடுக்கல.

இதத்தான் மொதத் தப்புன்னு சொல்லுவேன், மத்ததெல்லாம் இதுக்குப் பொறவுதான்.

குழந்தை நிக்கலைன்னு வர்ற ஜோடிங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஆம்பளைங்க பக்கமும் ஏதாவது காரணம் இருக்கும், சில பேருக்கு அது மட்டுந்தான் காரணமே. ஆனா நம்ம பக்கம் பத்தியம், சாறு, வெரதம், அரசமரம் சுத்தறது எல்லாமே பொம்பளைக்கு. ஊசி இல்ல, வலி இல்ல, இருக்கற டெஸ்ட்லயே செலவு கம்மியான ஒண்ணு விந்து டெஸ்ட், அதப் போயி எல்லாம் முடிஞ்சு கடைசில எடுப்பாங்க. ஏன்னா ஆம்பளைங்களுக்கு இது ஆண்மை சமாச்சாரமாத் தெரியுது. "அவனுக்கென்ன, ஆளு கல்லாட்டம் இருக்கான்"னு பெரியவங்களும் சொல்லீருவாங்க. கல்லாட்டம் இருந்தாலும், தாம்பத்யத்துல ஒரு கொறையும் இல்லைன்னாலும் விந்தணு எண்ணிக்கை (கவுன்ட்) கம்மியா இருக்கலாம், ரெண்டும் வேற வேற விஷயம். மைக்ராஸ்கோப்ல பாத்தாத்தான் தெரியும்.

அந்த டெஸ்ட்லயும் ஒரு தப்பு நடக்குது. நல்லா சேத்து வெச்சுக் குடுத்தா கவுன்ட் எச்சா வரும்னு மாசக்கணக்குல சேராம இருந்துட்டுப் போவாங்க. அப்படியில்லைங்க, 2 நாள்ல இருந்து 7 நாள் வரைக்குந்தான் இடைவெளி இருக்கோணும், ரொம்ப நாள் விட்டா பழைய அணுக்கள் சேந்து ஓட்டம் கொறைஞ்சு போகும். உலக சுகாதார நிறுவனத்தோட 2021 கைடுப்படி ஒரு மில்லிக்கு 1.6 கோடி விந்தணு, அதுல அசையறது 42 சதவீதம், இதுக்கு மேல இருந்தா பரவால்லைன்னு வெச்சுக்கறாங்க. இதுக்குக் கீழ இருந்தாலே குழந்தை பொறக்காதுன்னும் இல்ல, மேல இருந்தா கட்டாயம் பொறக்கும்னும் இல்ல.

எங்கூட்டுக்காரருக்கு மொதத் தடவை 90 லட்சம் வந்துச்சு. ரிப்போர்ட்ட வாங்கிட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணாம லேப் வாசல்லயே பத்து நிமிஷம் நின்னுட்டு இருந்தாரு. ஆனா டாக்டர் பதறவே இல்ல, மூணு கேள்வி கேட்டாரு. என்ன வேலை, புகையிலை உண்டா, இந்த மூணு மாசத்துல காய்ச்சல் கீச்சல் வந்துச்சா. மூணுக்குமே ஆமாம். திருப்பூர்ல சாயப்பட்டறைல பாய்லர் பக்கம் வேலை, நாள் முழுக்க கீழ் உதட்டுல புகையிலை, ரெண்டு மாசத்துக்கு முன்னாடி டெங்கு வேற.

ஏன் மூணு மாசம்னா ஒரு விந்தணு உருவாகி முழுசா வெளிய வர்றதுக்கு ரெண்டரை மாசம், மூணு மாசம் ஆகும். இன்னைக்குக் குடுக்கற சாம்பிள் மூணு மாசத்துக்கு முன்னாடி உடம்பு எப்படி இருந்துச்சுங்கறதத்தான் காட்டும். அதனால ஒரு ரிப்போர்ட்ட வெச்சு முடிவு கட்டறதும் தப்பு, ஒரு வாரம் முருங்கைக்கீரை தின்னுட்டு மறுபடி டெஸ்ட் எடுத்து "ஒண்ணுமே மாறல"ன்னு விடறதும் தப்பு. பழக்கத்த மாத்துனா மூணு மாசம் கழிச்சுத்தான் எடுக்கோணும்.

பாய்லர் பக்கம் வேலைன்னு சொன்னேன்ல, அந்தச் சூடு நம்மூர்ல ரொம்பக் கொழம்பிக் கெடக்கற விஷயம். பொம்பளைக்குக் கரு தங்கலைன்னா உடனே "உடம்பு சூடு"ன்னுருவாங்க, கொள்ளுப்பருப்பு திங்காதே, பப்பாளிப் பக்கமே போகாதே, வாரம் ரெண்டு எண்ணெய் குளியல். கொள்ளு தின்னு யாருக்கும் கரு தங்காமப் போனதில்லைங்க, அது நல்ல புரதம், தாராளமா சாப்பிடலாம். நெஜமாவே சூடு கெடுக்கறது ஆம்பளைக்கு. விதைப்பை ஒடம்பு சூட்ட விட 2, 3 டிகிரி கம்மியா இருந்தாத்தான் உற்பத்தி ஒழுங்கா நடக்கும், அதுக்காகத்தான் அது ஒடம்புக்கு வெளிய தொங்குது. பாய்லர், ஃபவுண்டரி, அடுப்படி, மணிக்கணக்கா லாரி ஓட்டறது, மடில லேப்டாப், நைலான் இறுக்க ஜட்டி இதெல்லாந்தான் கவனிக்க வேண்டியது. நம்ம கோயமுத்தூர், திருப்பூர், நாமக்கல் பக்கம் பாதி ஆம்பளைங்களுக்கு இதுல ஒண்ணாவது இருக்கும். வேலைய விட முடியாது, ஆனா செக்ஷன் மாத்திக் கேக்கலாம், நடுநடுவுல எந்திரிச்சு நடக்கலாம். இவரு மடிப்பு செக்ஷனுக்கு மாத்திட்டு வந்தாரு, சம்பளம் கொஞ்சம் கொறைஞ்சுது, வெசனமாத்தான் இருந்துச்சு.

இன்னொண்ணு, தம்பிங்களுக்குச் சொல்றேன். ஜிம்முல உடம்பு ஏத்தறதுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி, ஸ்டீராய்டு போடறாங்க. வெளிய இருந்து ஹார்மோன் ஏத்துனா மூளை "போதும், இங்க இருக்கு"ன்னு உள்ளாற உற்பத்திய நிறுத்தீரும், விந்தணு சுத்தமா சைபருக்குப் போன ஆளுங்க உண்டு, நிறுத்துன பொறவும் திரும்பி வர மாசக்கணக்காகும், சிலருக்கு வருஷமே ஆகும். ஆம்பளத்தனத்துக்குன்னு போடற ஊசியே அப்பனாகற வழிய அடைக்குது.

மாசாமாசம் லாட்ஜில ரூம் போட்டு "முகாம்" நடத்தறவங்ககிட்ட லேகியம் வாங்கறதும் இதே கதைதான். லேபிள் இல்ல, என்ன சேத்திருக்குன்னு தெரியாது. இந்த மாதிரிச் சரக்குல ஈயம், பாதரசம் மாதிரி உலோகம் இருந்ததும், இங்கிலீஷ் மருந்தையே பொடி பண்ணிக் கலந்ததும் பல எடத்துல புடிபட்டிருக்கு, ஈயம் விந்தணுவுக்கே கெடுதல். சித்த மருத்துவத்துல நம்பிக்கை இருந்தா அதுக்குப் படிச்சுப் பதிவு பண்ணுன டாக்டருங்க இருக்காங்க, அரசு ஆஸ்பத்திரிலயே சித்தா பிரிவு இருக்கு, அங்க போங்க. அமுக்கராப் பொடி (அஸ்வகந்தா) எல்லாம் சும்மா பால்ல கலக்கிக் குடிக்கற சமாச்சாரம் இல்ல, தைராய்டு மாத்திரை சாப்பிடறவங்களுக்கு அளவு மாறிப் போகலாம், முழுகாம இருக்கறப்ப அது ஆகவே ஆகாது. கரு தங்கினது தெரியாமயே ரெண்டு மூணு வாரம் குடிச்சுட்டு இருப்போம், அதான் பயம்.

இனி என்னோட தப்பு. எனக்கு பீரியட்ஸ் 36, 37 நாளுக்கு ஒருக்கா வரும். யாரோ சொன்னாங்கன்னு 14ஆவது நாள்தான் முக்கியம்னு அதையே புடிச்சுத் தொங்கிட்டு இருந்தேன், அந்த ஒரு நாள் அவரு நைட் ஷிஃப்ட்ல மாட்டிக்கிட்டா ஊட்டுல சண்டையே வந்துரும். 14ஆவது நாள்ங்கறது 28 நாள் சுத்து வர்றவங்களுக்கு. கருமுட்டை வெளிய வந்து சுமார் 14 நாள்ல அடுத்த பீரியட்ஸ் வரும், அதனால பின்னாடி இருந்து எண்ணோணும். எனக்கு அது 22, 23ஆவது நாள். ஒண்ணரை வருஷமா நான் காத்துட்டு இருந்தது ஒண்ணுமே நடக்காத நாளுக்கு. முட்டை உசுரோட இருக்கறது 12ல இருந்து 24 மணி நேரம், விந்தணு உள்ளாற 5 நாள் வரைக்கும் தாங்கும், அதனால முட்டை வர்ற நாளையும் சேத்து அதுக்கு முன்னாடி அஞ்சு நாள், அந்த ஆறு நாள்தான் கணக்கு. காலண்டரப் பாத்து டென்ஷன் ஆகறத விட ரெண்டு நாளைக்கு, மூணு நாளைக்கு ஒருக்கா சேந்தாலே போதும், தானா அந்த ஆறு நாளுக்குள்ள வந்துரும். வழுக்கலுக்கு எச்சில் வேண்டாம், அது அணுக்களோட ஓட்டத்தக் கெடுக்கும். பொறவு காலத் தூக்கி செவுத்துல வெச்சுட்டுப் படுக்கறதெல்லாம் தேவையே இல்ல.

சாப்பாட்டு விஷயத்துக்கு வர்றேன். பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி இருக்கறவங்க வெள்ளைச் சர்க்கரைய விட்டுட்டேன்னு சொல்லி கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரைல எள்ளுருண்டை, ராகி உருண்டை, காப்பின்னு ஒரு நாளைக்கு பத்து ஸ்பூன் உள்ள தள்ளுவாங்க. நாட்டுச்சக்கரையும் சக்கரைதாங்க, ரத்தத்துல ஏர்றது ஏறத்தான் செய்யும். ராகிக்களி, கம்மஞ்சோறு நல்லதுதான், ஆனா தட்டு நெறைய களியும் தொட்டுக்க ரெண்டு ஸ்பூன் கொழம்பும்னா அதுவும் மாவுச்சத்து மூட்டைதான். நம்ம அரிசிம்பருப்பு சாதத்துல பருப்பத் தூக்கலாப் போட்டு, பக்கத்துல பச்சப்பயிறு கடைசலோ ஒரு நாமக்கல் முட்டையோ, ஒரு கீரைப் பொரியலோ வெச்சா அதுவே போதும், ஆன்லைன்ல ஆயிரத்து ஐநூறு ரூவாய்க்கு விக்கிற பவுடர் வேண்டாம். எடை கூட இருந்து பீரியட்ஸ் தள்ளித் தள்ளி வர்றவங்களுக்கு 5ல இருந்து 10 சதவீதம் கொறைச்சாலே பல பேருக்கு கருமுட்டை வர ஆரம்பிச்சுரும், 70 கிலோ இருந்தா மூணரை கிலோ. அதுக்காகப் பட்டினி கெடந்து ஒரே மாசத்துல எட்டு கிலோ கொறைக்காதீங்க, அப்படிப் பண்ணுனாலும் உடம்பு பயந்துட்டு கருமுட்டைய நிறுத்தீரும்.

ஃபோலிக் ஆசிட்ட நாள் தள்ளிப் போன பொறவு ஆரம்பிக்கறது எல்லா ஊட்டுலயும் நடக்கற தப்பு. குழந்தையோட மூளை, தண்டுவடத்துக்கான குழாய் கரு உருவாகி 28 நாளுக்குள்ள மூடிக்கும், அதாவது நாள் தள்ளி ரெண்டு வாரம் ஆகறப்பவே அந்த வேலை முடிஞ்சுது. அதனால முயற்சி பண்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே தினம் 400 மைக்ரோகிராம் ஆரம்பிக்கோணும். கீரைல இருக்கேன்னு கேப்பீங்க, இருக்கு, ஆனா வேக வெச்சு தண்ணிய வடிச்சா பாதி போயிரும். மெடிக்கல்ல கெடைக்கறது பெரும்பாலும் 5 மில்லிகிராம், அது சக்கரை வியாதி, வலிப்பு மாத்திரை, முன்னாடி குழந்தைக்குத் தண்டுவடத்துல கொறைன்னு இருக்கறவங்களுக்கு டாக்டர் எழுதறது, நீங்களா எடுத்துக்காம கேட்டுக்கோங்க. சைவமா இருக்கறவங்க பி12ம் பாத்துருங்க. அப்படியே ருபெல்லா ஊசி போட்டிருக்கான்னும் கேளுங்க, போட்டா குழந்தைக்கு முயற்சி பண்றத ஒரு மாசம் தள்ளிப் போடோணும்.

ஏஎம்ஹெச்ங்கற ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் கம்மின்னு வந்து ராத்திரி பூரா அழுத பொண்ணுங்களத் தெரியும். அது சினைப்பைல முட்டை இருப்பு எவ்வளவுன்னு ஒரு கணக்குக் காட்டும், முட்டையோட தரத்தக் காட்டாது, இயல்பாக் கரு தங்காதுன்னு தீர்ப்பும் இல்ல.

அடுத்தது, எவ்வளவு நாள் காத்திருக்கறது. 35 வயசுக்குள்ளன்னா ஒரு வருஷம், 35 தாண்டிட்டா ஆறே மாசம், பீரியட்ஸ் ரெண்டு மூணு மாசம் வரவே இல்லைன்னாலோ உசுரு போற வலி வந்தாலோ ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். டியூப் (கருக்குழாய்) அடைச்சிருந்தா எந்தச் சாறும், எந்தக் கீரையும் அதத் தொறக்காது. நம்ம நாட்டுல டிபி கிருமி சத்தமில்லாம டியூபக் கெடுத்து வெக்கறது உண்டு, டை விட்டு எக்ஸ்ரே எடுத்தாத்தான் அடைப்பு தெரியும்.

எங்களுக்கு? மூணு மாசம் கழிச்சு எடுத்ததுல 2.1 கோடி வந்துச்சு, எனக்கு தைராய்டு இருக்கறதும் அப்பத்தான் தெரிஞ்சு மாத்திரை ஆரம்பிச்சேன், நாள் கணக்கையும் திருத்திட்டேன், அடுத்த ஆடிக்குள்ள முழுகாம ஆயிட்டேன். பையன் இப்ப யூகேஜி. நாலு விஷயத்த ஒரே சமயத்துல மாத்துனதால எது வேலை செஞ்சுதுன்னு ஒண்ணத்த மட்டும் கைகாட்ட முடியாது. அத்தை மட்டும் இன்னைக்கும் ஒறம்பறை வந்தா "எல்லாம் மலைவேம்பு"ன்னுதான் சொல்றாங்க, நானும் "ஆமாங் அத்தை"ன்னுட்டு காப்பி ஆத்தப் போயிருவேன்.

மொதத் தடவை டாக்டரப் பாக்கப் போறப்ப ரெண்டு பேருமே போங்க, "அவருக்கு லீவ் கெடைக்கல"ன்னு தனியாப் போகாதீங்க. கடைசி ஆறு பீரியட்ஸ் தேதிய ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க, பழைய ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் ஒரு கவர்ல போட்டுக்கோங்க, சாப்பிடற மாத்திரை அட்டை, பொடி, சாறு எதையும் மறைக்காதீங்க, லேபிள் இல்லாத லேகியமா இருந்தா டப்பாவோட எடுத்துட்டுப் போயி மேசைல வெச்சுருங்க.