போர்க்காலக் கடற்படைக் கலகக்காரர்களைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதுவது எப்படி

சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் ஃபிட்டராக வேலை பார்த்தவன் நான். கரைக்கு வந்த பிறகு தமிழ் விக்கிப்பீடியாவில் கப்பல்களைப் பற்றி எழுதிவருகிறேன். போர்க்கப்பல் கட்டுரை எதை எடுத்தாலும் பீரங்கியின் விட்டம், கவசத்தின் கனம், வேகம் எல்லாம் துல்லியமாக இருக்கும். உள்ளே கரி அள்ளிப் போட்டவர்களுக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது. போர் நடக்கும்போது “மாட்டேன்” என்று சொல்லி, அதற்காகவே சுட்டுக் கொல்லப்பட்டவர்களுக்காவது ஒழுங்கான கட்டுரை வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாதிரிக்கு, முதல் உலகப் போரின்போது 1917இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் கடற்படைத் துறைமுகத்தில் நடந்த நிகழ்வை எடுத்துக்கொள்வோம்.

கதை இதுதான். 1916 மே மாத இறுதியில் பிரிட்டிஷ் கடற்படையோடு நடந்த ஜட்லாண்ட் சண்டைக்குப் பிறகு ஜெர்மனியின் பெரிய போர்க்கப்பல்கள் பெரும்பாலும் துறைமுகத்தில்தான் கிடந்தன. மாலுமிகளுக்குக் கரி ஏற்றுவதும் டிரில்லும்தான் வேலை. தட்டில் டர்னிப் கிழங்கு. அதிகாரிகளுக்குத் தனிச் சமையல். 1917 ஆகஸ்ட் 1 அன்று ‘பிரின்ஸ்ரேகென்ட் லூயிட்போல்ட்’ கப்பலில், காட்டுவதாகச் சொன்ன சினிமாவை ரத்து செய்துவிட்டு டிரில் வைத்தார்கள். கொதிகலன் அறை ஆட்கள் 49 பேர் அனுமதி இல்லாமல் இறங்கிப் போனார்கள். அதில் 11 பேருக்குத் தண்டனை. அதைக் கண்டித்து மறுநாள் பல நூறு பேர் இறங்கினார்கள். முன்னால் நின்றவர் அல்பின் கோபிஸ், கரி அள்ளுகிறவர். யாரையும் தாக்கவில்லை, பிறகு கப்பலுக்கே திரும்பிவிட்டார்கள். ‘ஃப்ரீட்ரிக் டெர் குரோஸே’ கப்பலில் இருந்த மாக்ஸ் ரைக்பீட்ச் ஜூன் மாதம் விடுப்பில் பெர்லின் போய், போரை எதிர்த்த சுயேச்சை சமூக ஜனநாயகக் கட்சி அலுவலகத்தில் தலைவர்களைச் சந்தித்தவர். சமாதானம் கோரி மாலுமிகளிடம் ஆதரவு திரட்டியவர். இராணுவ நீதிமன்றம் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது. மூன்று பேருக்குக் குறைக்கப்பட்டது. ரைக்பீட்சும் கோபிஸும் 1917 செப்டம்பர் 5 அன்று கொலோன் அருகே வான் என்ற இடத்தில் சுடப்பட்டார்கள். ஒருவருக்கு 22 வயது, மற்றவருக்கு 24.

முதல் வேலை, எத்தனை கட்டுரை என்று தீர்மானிப்பது. உணர்ச்சிவசப்பட்டு ஐந்து பேருக்கும் தனித்தனியாகத் தொடங்காதீர்கள். நிகழ்வைப் பற்றி ஒன்று முதலில் வரட்டும். ஒருவரைப் பற்றி அந்த நாளுக்கு அப்பாலும் எழுத நம்பகமான நூல்களில் செய்தி இருந்தால் மட்டும் தனிக் கட்டுரை. தண்டனை குறைக்கப்பட்ட வில்லி ஸாக்ஸேயை 1944இல் நாஜிகள் கொன்றார்கள். அவருக்குத் தனிக் கட்டுரை தாங்கும். மற்றவர்களுக்கு இப்போதைக்கு வழிமாற்று (பெயரைத் தேடினால் நிகழ்வுக் கட்டுரைக்கே கொண்டுபோய் விடும் பக்கம்) போதும்.

அடுத்தது மூலங்கள். இந்த வேலையின் உயிர்நாடியே இங்கேதான் இருக்கிறது. கலகக்காரரைப் பற்றிக் கிடைக்கிற காகிதத்தில் பெரும்பகுதி அவரைக் கொன்றவர்கள் எழுதியது. விசாரணை வாக்குமூலம், குற்றப்பத்திரிகை, தீர்ப்பு எல்லாம் அதில் அடக்கம். டோப்ரிங் என்ற விசாரணை அதிகாரி மிரட்டியும் ஆசை காட்டியும் வாக்குமூலம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. ஆகவே “ரைக்பீட்ச் கப்பற்படை முழுவதும் வேலைநிறுத்தம் செய்யத் திட்டமிட்டார்” என்று எழுதக் கூடாது. “திட்டமிட்டதாக விசாரணைப் பதிவு கூறுகிறது” என்று எழுதுங்கள். வாக்கியம் கொஞ்சம் நீளும், பரவாயில்லை. ஒவ்வொரு வரியிலும் யார் சொன்னது என்று வாசகருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இதே கண்டிப்பு கலகக்காரர்களுக்காகப் பேசியவர்களுக்கும் உண்டு. 1917 அக்டோபரில் கடற்படை அமைச்சர் காப்பெல்லே நாடாளுமன்றத்தில் எழுந்து, சுயேச்சைக் கட்சிதான் தூண்டிவிட்டது என்றார். அந்தக் கட்சியின் வில்ஹெல்ம் டிட்மன் 1926இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன்பு விரிவாகப் பதில் சொன்னார். மரண தண்டனைகளை நீதிமன்றக் கொலை என்றே சாடினார். அவர் சேகரித்துக் கொடுத்த ஆவணங்கள் விலைமதிப்பற்றவை. ஆனால் பெர்லின் அலுவலகத்தில் ரைக்பீட்சைச் சந்தித்தவர்களில் அவரும் ஒருவர், கட்சியின் பெயரைக் காக்க வேண்டிய நிலையில் இருந்தவர். இதையும் கட்டுரையில் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு அதிகம் கைகொடுத்தவர் இவர்கள் யாருமல்ல. ‘ஹெல்கோலாண்ட்’ கப்பலில் இருந்த ரிச்சர்ட் ஸ்டும்ப் என்ற மாலுமி போர் முழுக்க நாட்குறிப்பு எழுதினார். கத்தோலிக்கர், தேசப்பற்றாளர், கலகக்காரர் அல்ல. என்ன சாப்பாடு போட்டார்கள், அதிகாரி எப்படிப் பேசினார், எத்தனை தடவை கரி ஏற்றினார்கள் என்று அன்றன்றைக்கு எழுதியிருக்கிறார். தண்டனைக்குப் பயந்தோ கட்சிக்காகவோ எழுதியதல்ல என்பதால் “காரணங்கள்” என்ற பிரிவுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அந்தப் பிரிவைக் கஞ்சத்தனமாக எழுதாதீர்கள். “உணவுப் பிரச்சினையும் காரணம்” என்று ஒரே வரியில் பலர் தாண்டிவிடுகிறார்கள். கடலில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும், சாப்பாடு என்பது வயிற்று விஷயம் மட்டுமில்லை. நான் இருந்த ஒரு கப்பலில் மெஸ் அரிசியில் வண்டு மிதந்தபோது, சலித்துப் போடச் சொல்லிக் கேட்டதற்கே ஓர் அதிகாரி எங்களைக் கலகக்காரர்கள் என்றார். 1917 கோடையில் கடற்படை மாலுமிகளுக்கு உணவுக் குழு அமைக்க அனுமதி வந்தது; சமையலறைக் கணக்கைப் பார்க்க மாலுமிகளின் பிரதிநிதிகள் இருக்கலாம் என்று. பல கப்பல்களில் கேப்டன்கள் அதை மூடி மறைத்தார்கள் அல்லது இழுத்தடித்தார்கள். மேலிருந்து வந்த உத்தரவை மதிக்கச் சொல்லிக் கேட்டவர்கள்தான் பிறகு கீழ்ப்படியாதவர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். இந்த வரிசையைத் தேதியோடு எழுதினாலே போதும், பெயரடை எதுவும் தேவைப்படாது.

எண்களில் கவனம். ஆகஸ்ட் 2 அன்று இறங்கிப் போனவர்கள் 350 என்று ஒரு நூல், 400 என்று ஒன்று, 600 என்று இன்னொன்று. சராசரி எடுக்காதீர்கள், பெரிய எண்ணைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். “350 முதல் 600 வரை பலவாறு குறிப்பிடப்படுகிறது” என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனி மேற்கோள் கொடுங்கள். கட்டுரையின் ஓரத்தில் வரும் தகவற்பெட்டியில் ஒரே எண்தான் இடம்பெறும் என்றால் அந்த வரியைக் காலியாக விடுங்கள்.

தேடும் முறையில் ஒரு நுட்பம். அந்தக் கால ஜெர்மன் பத்திரிகைகள் ஃப்ராக்டூர் எழுத்தில் அச்சானவை. அதில் ‘எஸ்’ எழுத்தின் நீள வடிவம் பார்வைக்கு ‘எஃப்’ மாதிரியே இருக்கும். கணினி அதைப் படிக்கும்போது அடிக்கடி ‘எஃப்’ என்றே பதிந்துவிடும். ரைக்பீட்ச் பெயரைச் சரியான எழுத்துக்கூட்டலில் தேடி எதுவும் வராவிட்டால், கடைசியில் உள்ள ‘எஸ்’ஸை ‘எஃப்’ ஆக்கித் தேடிப் பாருங்கள். கோபிஸ் பெயரில் ‘ஓ’ மேல் இரண்டு புள்ளி உண்டு. புள்ளியோடு, புள்ளி இல்லாமல், பக்கத்தில் ‘ஈ’ சேர்த்து என மூன்று விதமாகவும் தேட வேண்டும். சமூக ஜனநாயகக் கட்சியின் ‘ஃபோர்வேர்ட்ஸ்’ நாளிதழின் பழைய இதழ்களும் நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆய்விதழ்களுக்கு விக்கிப்பீடியா நூலகம் இருக்கிறது. 500 தொகுப்புகளும் ஆறு மாதப் பழக்கமும் உள்ள பயனருக்கு அது திறக்கும்.

ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் உள்ள இராணுவ ஆவணக்காப்பகத்தில் கடற்படைக் கோப்புகள் உள்ளன. அவற்றைப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் பாருங்கள், ஆனால் அதிலிருந்து நீங்களே முடிவுகட்டி எழுதினால் சொந்த ஆய்வு என்று நீக்கிவிடுவார்கள், அது நியாயமும்கூட. வரலாற்றாய்வாளர் ஒருவர் நூலில் எடுத்தாண்டிருக்கிறாரா என்று தேடி அதை மேற்கோள் காட்டுங்கள். கடிதங்களுக்கும் இதே விதிதான். ஜெர்மன் இராணுவ அரசைச் சபித்தபடியே சாகிறேன் என்ற பொருளில் கோபிஸ் பெற்றோருக்கு எழுதிய வரி எங்கும் சுற்றுகிறது. ஆங்கில வழியாக வந்ததைத் தமிழாக்காமல், ஜெர்மன் மூலத்தைக் கண்டுபிடித்து, அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் சரிபார்த்த பிறகே மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

இறப்புக்குப் பிந்தைய பகுதியையும் விட்டுவிடாதீர்கள். கிழக்கு ஜெர்மனி தன் ஏவுகணைப் படகுகளுக்கு இவர்கள் பெயரை வைத்தது. பெர்லினின் மேற்குப் பகுதியிலோ, நாஜிக் காலத்தில் அட்மிரல் டிர்பிட்ஸ் பெயரில் இருந்த கால்வாய்க்கரைச் சாலை 1947இல் ரைக்பீட்ச் பெயருக்கு மாறியது. “மக்கள் போற்றினர்” என்ற பொத்தாம்பொதுவான வரி வேண்டாம். எந்த அரசு, எந்த ஆண்டு, எதற்குப் பெயர் வைத்தது என்பதே போதும்.

வெளியிட்ட சில நாளில் யாராவது வந்து “கலகக்காரர்” என்பதைத் “தியாகி” என்று மாற்றுவார். இன்னொருவர் “துரோகி” என்பார். சண்டைக்குப் போகாதீர்கள். பழைய வடிவத்துக்கு மீளமைத்துவிட்டு, கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் மூலத்தோடு விளக்குங்கள். எனக்கும் அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு. அதனாலேயே, எதிர்ப்பவர் வந்து ஒரு வரியைக்கூட அசைக்க முடியாதபடி கட்டுரை இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவில் பிறந்த, இறந்த தேதிகளைச் சரிபார்த்து இணையுங்கள். இரண்டு கப்பல்களின் கட்டுரையிலும் இந்தக் கட்டுரைக்கு இணைப்பு கொடுங்கள். கை பழகிய பிறகு கட்டாரோவுக்குப் போகலாம். 1918 பிப்ரவரியில் ஆஸ்திரிய-ஹங்கேரியக் கடற்படையில் வெடித்த எழுச்சி அது. நான்கு பேர் சுடப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ஃபிரான்ஸ் ராஷ், செக் நூல்களில் ஃபிரான்டிஷெக் ராஷ். ஊரே இன்று கோட்டோர் என்ற பெயரில் மொண்டினிக்ரோவில் இருக்கிறது. அங்கே ஜெர்மன், செக், குரோவாசியம் மூன்றிலும் தேட வேண்டியிருக்கும், வழிமாற்றுகளும் அதற்கேற்ப நிறையத் தேவைப்படும்.